கயிறு பிடித்தவனுக்குக் கறிமீன்

திருகோணமலையில் என் முதல் காலைச் சாப்பாட்டிலேயே கையில் இருந்த காசில் நல்ல பங்கு போய்விட்டது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கடையில் உட்கார்ந்து டீ கேட்டேன். கடைக்காரர் டீயோடு ஒரு பெரிய தட்டையும் கொண்டுவந்து முன்னால் வைத்தார். ரோல்ஸ், கட்லட், முக்கோணமாக மடித்துச் சுட்ட மீன் பணிஸ், மேலே இறால் பதித்த வடை, எல்லாம் அடுக்கடுக்காக. எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு தட்டை நம் முன்னால் வைத்தால் அது நமக்கு வைத்தது. டீக்கு இவ்வளவு கொடுக்கிற ஊரா என்று மனம் குளிர்ந்துபோய், மீதம் வைத்தால் மரியாதையில்லை என்று தட்டைக் காலி செய்தேன்.

"நல்லாப் பசிச்சிட்டுது போல," என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் மரியாதை கூடியிருந்தது. பிறகு விலை சொன்னார்.

பக்கத்து மேசையில் ஒருவர் ஒரே ஒரு வடையை எடுத்துக் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். கடைக்காரர் அதே தட்டை எடுத்து, குறைந்த இடத்தில் இன்னொரு வடையை வைத்து, அடுத்த மேசைக்குக் கொண்டுபோனார். இங்கே தட்டு எல்லோருக்கும் பொது. எடுத்ததற்குத்தான் காசு. இதை எந்தப் பலகையிலும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, தெரியாதவன் நான் மட்டும்தான்.

ஒருவேளைச் சாப்பாட்டுக்காக ஒருவன் இவ்வளவு கோபப்படலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் அண்ணன் இங்கே விளக்கமறியலில், அதாவது விசாரணைக் கைதிகளின் சிறையில் இருந்தான்; சுருக்கமாக மறியல் என்பார்கள். எங்கள் ஊர் விசைப்படகில் கூலிக்குப் போனவன், எல்லை தாண்டியதாகக் கூட்டாளிகள் மூன்று பேரோடு பிடிபட்டுவிட்டான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படிவம் நிரப்பத் தெரிந்தவனும், வளைகுடா வேலைக்கு ஆசைப்பட்டுக் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தவனும் நான்தான். அதனால் என்னை அனுப்பினார்கள். அடுத்த தவணை வரைக்கும், அதாவது வழக்கை மறுபடி எடுக்கிற நாள் வரைக்கும், நான் இங்கே இருந்தாகவேண்டும். காசு அதற்கு முன் தீர்ந்தால் திரும்பவேண்டும். வெளியே ஒருவரும் இல்லாத கைதியாக அண்ணன் நீதிமன்றத்தில் நிற்பான்.

படகு முதலாளி வழிச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்திருந்தார். மீதியை அனுப்புவதாகச் சொன்னவர், நான் வந்து இறங்கியதும் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை இது: "தம்பி, தங்குற செலவைக் குறைக்க முடியாது, சரி. சாப்பாட்டுச் செலவை நீதான் பார்த்துக்கணும். வயிறு நம்ம கையிலதானே இருக்கு."

அவர் வயிறு யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்போது சொல்லவில்லை.

பாலையூற்றில் ஒரு வீட்டின் பின் அறை கிடைத்தது. அந்த வீட்டில் குசினியை, நம் அடுப்படியை, பாவிக்கக்கூடாது என்பது கட்டளை. இரவில் கைப்பேசியில் 'மலிவாகப் பயணம் செய்வது எப்படி' என்று தேடினேன். சிவந்த தொப்பி போட்ட ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: உள்ளூர்க்காரர்களோடு பழகுங்கள், அவர்களே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். அவனுக்கு முன்னால் வாழையிலையில் மீன், நண்டு, இறால். பக்கத்தில் நின்று பரிமாறிய பெண்ணின் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாணைத் தண்ணீரில் நனைத்துத் தின்றேன். பாண் என்றால் நம் ரொட்டித் துண்டுதான், ஆனால் இங்கே அது நோயாளிக்கு அல்ல, ஊருக்கே உணவு.

மறுநாள்தான் தவமணி அக்காவின் கடையைக் கண்டேன். உள்துறைமுகத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற ஒரு ஒழுங்கையில், தகரம் போட்ட முன்வாசல், மூன்று மேசை, பிளாஸ்டிக் கதிரைகள். மதியத்துக்கு முன்பே பார்சல்களைக் கட்டி அடுக்கிவிடுவார். ஒரு பார்சலைப் பிரித்தால் எங்கள் ஊர் அளவுச் சாப்பாடு இரண்டு வரும். மீன்குழம்பு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஏதாவது ஒரு கீரை. நம் ஊரில் சோறு கேட்கக் கேட்கப் போடுவார்கள். இங்கே ஒருமுறைதான், ஆனால் அந்த ஒருமுறையில் ஆளை வீழ்த்திவிடுவார்கள்.

"ஒரு பார்சலை ரெண்டாக் கட்டித் தர முடியுமாக்கா?" என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, டயட்டோ?"

"இல்லக்கா. ஒண்ணு மறியலுக்குக் கொண்டுபோகணும்."

அவர் கை ஒரு நொடி நின்றது. "ஆர் உள்ளுக்கு?"

"சொந்தக்காரர்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "எங்கட ஆக்களும் கிடந்தவைதான். மறியலெண்டா ஏன் எண்டு நான் கேக்கிறேல்லை," என்றார். இரண்டாகப் பிரித்த பார்சலில் ஒன்றின் மேல் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. துணி விற்க வந்து விசா முடிந்து பிடிபடுகிற இந்தியாக்காரர்கள் இந்தப் பக்கம் உண்டாம். அப்படி ஒருவனின் உறவு நான் என்று அவராக நினைத்துக்கொண்டார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

விளக்கமறியலில் இருப்பவர்களுக்கு வெளியிலிருந்து சாப்பாடு கொடுக்கலாம். வாசலில் காவலர் பார்சலைப் பிரித்துக் கரண்டியால் கிளறிப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்தவனே ஒரு வாய் தின்று காட்டவேண்டும். பல நாள் அந்த ஒரு வாய்தான் எனக்குக் காலைச் சாப்பாடு, மற்ற அரைப் பார்சல் இரவுக்கு. ஒருநாள் காவலர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற அம்மா சொன்னார்: "இன்னொரு வாய் தின்னட்டாம். உள்ளுக்கு இருக்கிறவனைவிட வெளியில நிக்கிறவன் மெலிஞ்சு போனானாம்."

நானும் சிரித்தேன். இன்னொரு வாயும் தின்றேன்.

அந்த அரைப் பார்சல் அண்ணன் கைக்குப் போனால் நான்கு உருண்டையாகிவிடும். கூட இருந்தவர்களின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுக்குக் கடவுச்சீட்டும் இல்லை, வழிச்செலவும் இல்லை. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அண்ணன் கேட்கிற முதல் கேள்வி, "நீ தின்னியா?" தினமும் தின்றேன் என்றேன்.

ஒருநாள் அதுவும் போய்ச் சேரவில்லை. மழைக்குப் பயந்து ஓட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கிண்ணியா ரவூப் நானா, பாதி வழியில் வண்டியை நிறுத்தி எண்ணெய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, பெற்றோல் முடிஞ்சி. கோவிக்காதங்க. கொஞ்சம் தள்ளுவமா?" தள்ளினேன். மழையிலும் தள்ளினேன். வாசலுக்குப் போனபோது கைதிகளைப் பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. ரவூப் நானா காசு வாங்க மறுத்தார். அவர் வாங்கியிருந்தால் நான்கு வார்த்தை திட்டியாவது இருப்பேன். அதற்கும் வழியில்லாமல், பேருந்து நிலையத்து பெஞ்சில் பார்சலை வைத்துவிட்டு நனைந்த சட்டையைப் பிழிந்தேன். திரும்பினால் ஒரு புள்ளிமான் பார்சலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

இந்த ஊரில் மான்கள் நம் ஊர் மாடுகளைப்போலத் தெருவில் திரிகின்றன. விரட்டியும் போகவில்லை, மென்றுகொண்டே என்னைப் பார்த்தது. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று ஓடிவந்து அதைப் படம் எடுத்தது. "பியூட்டிஃபுல்" என்றார் அந்தப் பெண். என் அண்ணனின் சோறு அதன் வாயில் இருந்தது.

காசு கரைந்துகொண்டே வந்தது. முதலாளியின் மிச்சப் பணம் வரவில்லை. கேட்டால், "வங்கியில ஏதோ சிக்கல்" என்பார். அந்த நிலையில்தான் ஒரு காலை, கோணேசர் மலைக்கு இந்தப் பக்கக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பக்கமும் கயிறு, ஒவ்வொரு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள், பின்னால் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்கள். ஆள் குறைவு போலிருந்தது. என் கை தானாகவே கயிற்றைப் பிடித்தது. கடல்காரன் மகனுக்குக் கயிறு என்பது கூப்பிடாமலே போகிற வீடு.

ஒருவரும் யார் நீ என்று கேட்கவில்லை. வலை கரையேறியதும், முன்னால் நின்ற மெலிந்த, நரைத்த மீசைக்காரர் ஒருவர் ஒரு கை சூடையும் இரண்டு பாரைக்குட்டியும் அள்ளி என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குண்ணே?"

"கயிறு பிடிச்சனீங்கள் தானே? கறிக்கு மீன். அது இஞ்சத்தை வழமை."

அவர் யோகராசா. ஊர் இலங்கைத்துறை. மீனைத் தவமணி அக்காவிடம் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, அவர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன் என்று. அக்கா மீனைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணையின்ர கையில கறிமீன் வாங்கினனீங்களோ? சரி, பாதி எனக்கு, பாதியை உங்களுக்குக் காய்ச்சித் தாறன். சோத்துக்கு மட்டும் காசு தாங்கோ."

இதைவிட மலிவாக ஒரு வெளிநாட்டில் சாப்பிட முடியாது. தினமும் விடியற்காலை கயிறு, பிறகு மீன், பிறகு இரண்டு பார்சல். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவணை வரைக்கும் தாங்கும். அன்றைக்கு முதன்முறையாக அண்ணனிடம் தின்றேன் என்று சொன்னது உண்மையாக இருந்தது. கயிற்றுக்காரர்கள் அருள் என்று என் பெயரைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார்கள். "அருள் தம்பி இழுக்கிறதைப் பார், இந்தியாவில காலமை சாப்பிடாத ஆள்போல," என்று ஒருவர் சொல்ல, "அங்க சாம்பார்தானே, இழுக்கச் சக்தி எங்கால வரும்?" என்று இன்னொருவர் சொல்வார். யோகராசா அண்ணன் மட்டும், "சும்மா கதைக்காமல் இழுங்கோடா," என்பார்.

அந்தச் சந்தோஷத்தை என் கைகளே கெடுத்தன.

ஒருநாள் வலை நிறைய மீன். பிரிப்பதற்கு ஆள் போதவில்லை. உதவலாம் என்று நானும் குந்திக்கொண்டேன். எங்கள் ஊர் இறங்குதளத்தில் சிறுவயதில் பிரித்த வேகம் கைக்கு அப்படியே வந்தது. பெரியது ஒரு பக்கம், நடுத்தரம் ஒரு பக்கம், மூன்றாவதாக ஒரு குவியல்: விரல்நீளக் குஞ்சுகள், உடைந்த நண்டு, பொடிக் கணவாய். வேகமாகச் செய்துவிட்டேன் என்று பெருமையோடு நிமிர்ந்தேன்.

யோகராசா அண்ணன் அந்த மூன்றாவது குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது என்ன கும்பி?"

"கழிசல்ண்ணே."

"கழிசலோ?"

"கோழித் தீவனத்துக்குப் போகும்ல. கம்பெனி வண்டி வந்து அள்ளிட்டுப் போகும்."

பக்கத்தில் கூடையைத் தூக்கியவர் கூடையைக் கீழே வைத்தார். இந்தக் கரையில் குஞ்சு மீனைத் தனியாகக் குவிக்கிற பழக்கமே இல்லை. உயிரோடு இருப்பதைக் கடலில் தள்ளிவிடுவார்கள், செத்ததை வீட்டுக்குக் காயவைக்க எடுப்பார்கள். கழிசல் என்று ஒரு குவியல் வரவேண்டுமென்றால் கடலின் அடியையே வாரியிருக்கவேண்டும். அப்படி வாருகிற இழுவை மடிவலை எந்தப் படகில் இருக்கும் என்று கடலை அறிந்த எவனுக்கும் தெரியும்.

"தம்பி, உங்கட வீட்டில றோலரோ?" என்றார் யோகராசா அண்ணன். விசைப்படகை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

"வீட்டில இல்லண்ணே. எங்கண்ணன் கூலிக்குப் போறவர்."

"எங்க இப்ப அண்ணன்?"

நான் கையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டினேன். தங்கை கட்டித் தருகிற மறியல் பார்சலைப் பற்றி அவருக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லாமல் போனது.

மதியம் பார்சல் வாங்கப் போனபோது யோகராசா அண்ணன் கடையில் இருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். கையில் கரண்டி. அதுவரை என்னை நீங்கள் என்று கூப்பிட்டவர் அன்றைக்கு நீ என்றார்.

"றோலர்க்காரனுக்கோ நான் இவ்வளவு நாளும் சோறு கட்டினனான்? நீ ஒரு சொல்லுச் சொன்னியா?"

"நீங்க கேக்கலையேக்கா."

"கேக்காதது என்ர பிழையோ?" அவர் குரல் உடைந்தது, ஆனால் அது அழுகை இல்லை. "புல்மோட்டைக்கு அங்கால தொழிலுக்குப் போட்ட வலை. இருட்டில வந்து வாரிக்கொண்டு போனாங்கள். ஒரு துண்டுகூட மிஞ்சேல்லை. அந்த வலையில என்ர சங்கிலி கிடந்தது, தெரியுமோ? அண்ணைக்கு வலை வாங்க அடகு வைச்சது. இண்டைக்கு இந்த மனிசன் ஆரோவின்ர வலைக்குக் கூலியாக் கயிறு இழுக்குது."

"அக்கா, எங்கண்ணனும் கூலிதான். முதலாளி சொல்ற இடத்துக்குப் போறவர்."

யோகராசா அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வலைக்குத் தெரியுமோ, கிழிக்கிறவன் கூலியோ முதலாளியோ எண்டு?"

பிறகு நிதானமாகக் கேட்டார்: "சரி. படகு ஆரின்ர? ஆள் ஆர்?"

எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். படகு முதலாளியின் மச்சான் பெயரில் இருக்கிறது, ஆனால் எங்கே போகவேண்டும், எப்போது திரும்பவேண்டும் என்று சொல்வது அவர். பெயரைச் சொன்னால் அண்ணனுக்கு அந்தக் கரையில் எந்தப் படகிலும் இடம் இருக்காது. நான் தரையைப் பார்த்தேன்.

"பாத்தியா தவமணி," என்றார் அவர். "எங்கட கறிமீனைத் தின்னலாம். முதலாளியின்ர பேரைச் சொல்ல ஏலாது."

அன்றைக்குப் பார்சல் இல்லை. கடைத்தெருவில் விலை கேட்டு விலை கேட்டு, கடைசியில் ஒரு பணிஸும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு மறியல் வாசலுக்குப் போனேன். எல்லோர்மீதும் கோபம் வந்தது. படிக்காத என் அண்ணன் என்ன செய்வான்? நான் என்ன செய்தேன்? இவர்கள் ஏன் என்னிடம் கத்துகிறார்கள்? இப்படி நடந்துகொண்டே கோபப்பட்டவன், பாலையூற்று அறையில் படுத்தபோது ஒன்றை ஒத்துக்கொண்டேன். அக்கா கத்தியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நியாயம் அந்தப் பக்கம் இருக்கும்போது வருகிற கோபத்தை என்ன செய்வது என்று எனக்கு எந்தப் புத்தகத்திலும் சொல்லித்தரவில்லை.

மறுநாள் விடியும்போது கயிற்றுக்குப் போனேன். வீம்பு பாதி, பசி பாதி. ஒருவரும் பேசவில்லை. என் முன்னால் இருந்தவரும் பின்னால் இருந்தவரும் ஒரு கை அகலம் தள்ளி நின்றார்கள். சாம்பார்ப் பகிடியும் இல்லை. வலை கரையேறியது. மீன் பிரித்தார்கள். நான் கிட்டப் போகாமல் நின்றேன். கடைசியில் யோகராசா அண்ணன் ஒரு கை மீனை அள்ளிக்கொண்டு வந்தார். என் கையில் தரவில்லை. மணலில், என் காலடியில் வைத்தார்.

"கயிறு பிடிச்சவனுக்குக் கறிமீன் இல்லையெண்டு சொன்னது கிடையாது. எடு. அதுக்காக மன்னிச்சதெண்டு நினையாத."

குனிந்து பொறுக்கினேன். மணல் ஒட்டிய மீனைத் துண்டில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்றுதான் போனேன். அக்கா மீனை வாங்கிப் பார்த்தார், பாதியை எடுத்தார், உள்ளே போனார். வெளியே வந்தபோது இரண்டு பார்சல்.

"மறியலில கிடக்கிறவனுக்குச் சோறு இல்லையெண்டு நான் சொல்லமாட்டன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆனா நீ இஞ்ச கதிரையில இருந்து தின்னக்கூடாது. வெளியில கொண்டுபோ."

கடற்கரையில், படகு நிழலில் உட்கார்ந்து தின்றேன். உப்பு, புளி, உறைப்பு எல்லாம் சரியாக இருந்தது. வேண்டுமென்றே ஒரு கல் உப்பைக்கூட அவர் கூட்டியிருக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று மாலை முதலாளி கூப்பிட்டார். தவணைக்கு முன்னால் என் காசு தீருமா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"சாப்பாடெல்லாம் எப்படி, சமாளிக்கிறியா?"

"சமாளிக்கிறேன். நீங்க பணம் அனுப்பலையே?"

"அனுப்புறேன், அனுப்புறேன். பாரு, அங்க யார் கேட்டாலும் என் பேரு வரக்கூடாது. படகு வழக்குக்கு மச்சானை அனுப்புறேன், 'எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டாங்க'ன்னு அவன் சொல்லிக்குவான். பசங்க அதுக்கு எதிரா எதுவும் பேசக்கூடாது, உங்கண்ணன்கிட்டச் சொல்லிடு. அப்புறம், அங்க மீன் மலிவுதானே? சோறு மட்டும் வாங்கிக்கிட்டா செலவு பாதியாயிரும்."

படகைத் திருடிக்கொண்டு போனவனாக என் அண்ணன் ஆகவேண்டும், அதற்கு நான் மலிவாகச் சாப்பிட்டுக்கொண்டு சாட்சி நிற்கவேண்டும். சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தேன். தொடர்பு விட்டுப்போனது என்று அவர் நினைத்திருப்பார்.

மறுநாள் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் அண்ணனிடம் சொன்னேன். அக்காவின் சங்கிலி, புல்மோட்டை வலை, மணலில் வைத்த மீன், முதலாளி சொன்னது. அண்ணன் பார்சலைப் பிரித்துக் கையில் வைத்திருந்தான்.

"நீங்க கிழிச்சதாண்ணே அது?"

"எதுன்னுடா எனக்குத் தெரியும்?" என்றான். குரல் எழும்பவில்லை. "ராத்திரியில மடியை இழுத்தா எத்தனையோ வலை சிக்கிட்டு வரும். அறுத்து விட்டுட்டுப் போயிட்டே இருக்கச் சொல்வாங்க. யாரு வலைன்னு எதுல எழுதியிருக்கு?"

கூட்டாளிகள் மூவரும் பார்சலைப் பார்த்தபடி பின்னால் நின்றார்கள். அண்ணன் அவர்களுக்கு மூன்று உருண்டை பிடித்துக் கொடுத்தான். தன்னுடையதை வாயருகே கொண்டுபோனவன், "அந்த அம்மாவே கட்டினதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். உருண்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்றான். பசித்தவன் வேறு என்ன செய்வான்.

"முதலாளி பேரைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நான் வெளிய வர்ற வரைக்கும் வேணாம்டா," என்றான்.

தவணை நாள் வந்தது. என் பையில் திரும்பிப் போகிற காசுக்கு மேல் ஒன்றுமில்லை, ஆனால் நான் அங்கே இருந்தேன். நீதிமன்ற வளாகத்தில் யோகராசா அண்ணனும் கயிற்றுக்காரர்கள் சிலரும் மரத்தடியில் நின்றார்கள். றோலர்க்காரர்களின் வழக்கென்றால் தங்கள் மீனவர் சங்கத்து வழக்கறிஞரோடு பார்க்க வருவார்களாம். நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தண்டனையை ஒத்திவைத்து, ஊருக்கு அனுப்பச் சொன்னார் நீதவான். படகின் வழக்கு தனியாக நடக்கும், அதன் சொந்தக்காரர் வந்து நிற்கவேண்டும் என்று சொல்லப்பட்டது. ஊருக்கு அனுப்புவதற்காக வண்டியில் ஏற்றும்போது அண்ணன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான் அவகாசம்.

நான் நேராக மரத்தடிக்குப் போனேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று வேகமாக நடந்தேன்.

"அண்ணே, நீங்க கேட்டது," என்று முதலாளியின் பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். படகு யார் பெயரில் இருக்கிறது, வழக்குக்கு மச்சான் வந்து என்ன சொல்லப்போகிறார் என்பதையும் சொன்னேன். சங்கத்தின் வழக்கறிஞரிடம் எழுதியும் தருகிறேன் என்றேன்.

யோகராசா அண்ணன் முகம் மாறவில்லை. "இப்பதான் வாய் வருதோ? கொண்ணன் வெளியில வந்த பிறகு."

"ஆமாண்ணே. அதுக்கு முன்னாடி பயம்."

"ம்," என்றார். அது பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "லோயரைக் கூப்பிடு. ஆள் போறதுக்குள்ள எழுதி எடுப்பம்," என்றார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பைக்கட்டோடு அக்காவின் கடைக்குப் போனேன். வழிக்கு ஒரு பார்சல் வேண்டும் என்றேன். செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா கட்டினார். காசை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்வாரோ என்று ஒரு நப்பாசை இருந்தது. வாங்கி, எண்ணி, மிச்சச் சில்லறையைச் சரியாகத் தந்தார்.

"பேரைச் சொல்லிப்போட்டீராம்."

"சொல்லிட்டேன்க்கா."

"இனி அந்த முதலாளி உம்மட அண்ணனைப் படகில ஏத்துவானோ?"

"ஏத்த மாட்டார். அந்தக் கரையில யாரும் ஏத்த மாட்டாங்க."

"அவருக்குப் பெண்சாதி, பிள்ளைகள் இருக்கோ?"

"ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க."

அக்கா அடுத்த பார்சலுக்குத் தாளை விரித்தார். கரண்டியை அண்டாவுக்குள் விட்டவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அப்ப அந்தக் குடும்பத்துக்கு இனி ஆர் சோறு போடுறது? நீர்தானே?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. "நான்தான்க்கா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சட்டைப்பையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. முதலாளி. அதை அடிக்கவிட்டுவிட்டு, ஊரில் கடலைவிட்டு வேறு என்ன வேலை இருக்கிறது, அதில் எது ஒரு வீட்டுக்குப் போதும், எது இரண்டு வீட்டுக்குப் போதும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.